கபார் அண்ணன் ஒப்புக்கொண்ட நாற்காலி

கபார் அண்ணனைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் ஊரான இன்சீனின் சந்தையில் எனக்குக் கிடைத்தது. சொன்னவர் வெங்காய விலையை முதலில் சொன்னார். இந்த ஊரில் இப்போது எந்தச் செய்திக்கும் அதுதான் முறை.

அண்ணன் முன்பு, அந்நியப் படை புகுந்து அரசைக் கவிழ்த்த ஒரு நாட்டில், அந்தப் படையின் சமையல் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, வெளிநாட்டுப் படை வந்து நம்மை மீட்கும் என்று டீக்கடையில் தேதி குறிக்காத குறையாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் குறுக்கிட்டார்.

“வருவான், தம்பி. பழைய ஆளு பூராத்தையும் வெரட்டுவான். அப்புறம் தண்ணிக் குழாயைத் தொறந்துவிட ஆளில்லன்னு தேடுவான். பழைய ஆளைக் கூப்பிட்டா ஊரு கொல்லும். புதுசா ஒருத்தனை வச்சா, நீ யாரோட ஆளுன்னு கேட்டுக் கொல்லும்.”

“அப்ப யாரைத்தான் வைக்கிறது, அண்ணே?”

“அது தெரிஞ்சவன் ஒருத்தனையும் அங்க நான் பாக்கல.”

படை வரவில்லை, கேள்வி மட்டும் வந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த வார்டு தலைவர் தலைமறைவானதும், ராணுவம் அந்த இடத்துக்கு அண்ணனை அழைத்தது. மறுத்தால் சிறை. ஏற்றால் எதிர்ப்புப் படையின் துப்பாக்கி. அடுத்து அழைக்கப்படவிருந்தவர், ராணுவம் தேடும் எங்கள் தெருப் பையன்களைக் காட்டிக்கொடுப்பதில் பேர்போனவர் என்று தெரிந்ததும், அண்ணன் ஒப்புக்கொண்டார். டீக்கடையில் அவர் மேசை காலியானது.

சோதனைக்கு வரும் சிப்பாய்களோடு போய்க் கதவைத் தட்டுவது வார்டு தலைவரின் வேலை. முக்காடு போடாமல் எங்கள் பெண்கள் அந்நியர் முன் வருவதில்லை என்று அவர்களிடம் சொல்லிவைத்தார். ஒவ்வொரு வாசலிலும், “மெதுவா முக்காடு போட்டுட்டு வாம்மா” என்று உரக்கக் கூப்பிடுவார். அதற்குள் பையன்கள் பின்வழியே போய்விடுவார்கள். மாரியம்மன் படம் மாட்டிய வீடுகளிலும் சிப்பாய்கள் முக்காட்டுக்காகக் காத்திருந்தார்கள். பெண்களே இல்லாத என் வீட்டிலும் காத்திருந்தார்கள். என் தம்பி மகன் அப்படித்தான் தப்பினான்.

தப்பியவர்கள் தொலைவில் இருந்தார்கள். சுட வந்தவர்களுக்கு அண்ணனின் பெயரும் பதவியும் மட்டுமே தெரிந்திருந்தன.

ராணுவம் மலர்வளையம் அனுப்பியது. வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்குக் குற்றம், எறிந்தால் மறுபக்கத்துக்கு. அவர் மனைவி அதை வாசலில் வெயிலில் விட்டுவிட்டார். ஜனாஸாவைத் தூக்க நாலு பேர் சேர வெகுநேரமானது. வளையத்தைச் சுற்றிக்கொண்டுதான் தூக்கிப்போனோம்.

இன்று அந்தப் பதவிக்கு ஆள் தேடுகிறார்கள். தெருவிலுள்ள ஆண்கள் அத்தனை பேருக்கும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியினில் யாரோ ஓர் உறவினருக்கு உடம்பு சரியில்லை.

போய் வாருங்கள், அண்ணே. அல்லாஹ் உங்களை ஏற்றுக்கொள்ளட்டும். அங்கேயாவது யாரும் உங்களைத் தலைவராக்காமல் இருக்கட்டும்.