மரியாதையாகப் பேசினால் நம்பாதே

என் வீட்டுக்காரரை எங்கள் கடைத்தெருவில் "சந்தேகம் சார்" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி தலையாட்டிக்கொள்வார். தொழில் என்னவென்றால், சின்னக் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. பழுது பார்ப்பது பாதி, பயமுறுத்துவது பாதி. மருந்துக்கடை, செருப்புக்கடை, பல் டாக்டர், பூட்டுக்கடை என்று முப்பத்தொரு கடைகள் அவர் கையில். முப்பத்திரண்டாவது என்னுடையது. காது கேட்கும் கருவி விற்கிறேன்.

ஒரு கடைக்குள் நுழைந்தால் மனிதர் உட்காரமாட்டார். முதலில் கீபோர்டைத் தூக்கி அடியில் பார்ப்பார், அங்கேதான் எல்லோரும் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருப்பார்கள். செருப்புக்கடைக்காரர் கொஞ்சம் விவரமானவர், பதினோராம் நம்பர் செருப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதையும் கண்டுபிடித்தார். பல் டாக்டர் தன் மகள் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்து வைத்திருந்ததை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஏழு பேர் முன்னால் உரக்கப் படித்துக் காட்டினார். டாக்டருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வீட்டிலும் இதே கதைதான். ஒன்பது வருஷமாக சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம் இன்றைக்கும் அடையாள அட்டை கேட்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே காட்டுகிறார். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் வெடுக்கென்று இருக்கும். என்னை "மகாராணி" என்று கூப்பிடுவார். கொஞ்சல் என்று நினைத்துவிடாதீர்கள். திட்டு ஆரம்பமாகிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் "தயவுசெய்து" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. காதுக்கருவி விற்கிறவள் சொல்கிறேன், என் காதில் கோளாறு இல்லை.

எங்கள் தெருவில் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு கடைக்கு மோசடிக்காரன் மாதிரி குரலை மாற்றிப் போன் செய்வார். ஏமாந்தவர்கள் "இந்த வாரம் ஏமாந்தவர்" என்று எழுதிய பலகையை ஒரு வாரம் முழுக்கக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட வேண்டும். நான் மூன்று தடவை தொங்கவிட்டிருக்கிறேன். தெருவிலேயே அதிகம். முதல் தடவை பேங்க் மேனேஜராகப் பேசினார், இரண்டாவது தடவை எனக்குப் பரிசு விழுந்திருப்பதாகச் சொன்னார், மூன்றாவது தடவை கருவியைத் தொலைத்துவிட்ட ஒரு பாட்டியாக விக்கி விக்கி அழுதார். கட்டின புருஷனிடமே மூன்று தடவை ஏமாந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா? இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அதற்கப்புறம் வந்தது அவருடைய கடைசிக் கட்டளை. இப்போதெல்லாம் மெஷினே ஆளின் குரலில் பேசுகிறதாம். "நான்தான்னு சொல்லி யார் கூப்பிட்டாலும் நம்பாதே. என் குரல்லயே பேசுவான். நானே பேசினாலும் நம்பாதே." வீட்டுக்கென்று ஒரு ரகசிய வார்த்தையும் வைத்தார். அதை மாதாமாதம் மாற்றவும் செய்தார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கிருந்தாலும் என் கம்ப்யூட்டரை இயக்குவதற்கு அவர் ஒரு மென்பொருள் போட்டு வைத்திருந்தார். அதன் வழியாக நான் சீட்டாட்டம் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொன்னார். பேசாமல் அதை நீக்கிவிட்டேன். ஆபத்து வந்தால் அவருடைய லேப்டாப்புக்குத் தகவல் போகிற இன்னொன்று இருந்தது. அது என் கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். சனிக்கிழமை மட்டும் செருகி, பிரதி எடுத்ததும் கழற்றிவிடு என்று அவர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கையும், குனிய முடியாமல், எப்போதும் செருகியபடியே விட்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அறுநூற்று நாற்பத்து மூன்று பேருடைய காதுகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் எந்தச் சத்தத்தை எவ்வளவு ஏற்ற வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று உட்கார்ந்து உட்கார்ந்து செய்த கணக்கு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு மட்டும் நாலு மாதம் ஆனது. அது போனால் என் பிழைப்பு போச்சு. அதைவிட, அத்தனை பேர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் வெளியூரில் ஓர் அச்சகத்துக்கு வேலையாகப் போயிருந்தார். பதினொரு மணிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பார்சல் திரும்பிப் போகிறது, இணைப்பைத் திறந்து பாருங்கள் என்றது. நான் நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தேன். திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சரி போகட்டும் என்று கல்லாவைத் துடைக்கப் போய்விட்டேன்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவர் குரல். தன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாகவும் அச்சகத்துப் போனில் பேசுவதாகவும் சொன்னது. அடுத்து, "அம்மா, தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளும்மா. நெட் வயரைப் புடுங்கிடு. அந்த டிஸ்க்கையும் கழட்டிடு. வைரஸ் உன் ஃபைலை எல்லாம் பூட்டிக்கிட்டே போவுது" என்றது.

தயவுசெய்தா? அம்மாவா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருடன் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வயரைப் பிடுங்கச் சொல்லி எந்தத் திருடனாவது கேட்பானா என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று நானும் யோசித்தேன். நெட் போனால் கடை கேமராவும் நின்றுவிடும், கூட்டாளி வாசலில் நிற்பான் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு புத்திசாலியாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

ரகசிய வார்த்தையைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. எனக்கும் நினைவில்லை, ஆனால் அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. கல்யாண நாளைக் கேட்டேன். டக்கென்று சரியாகச் சொன்னார். அவ்வளவுதான், சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அது ஒரு வருஷமாவது நினைவிருந்திருக்கிறதா? திருடர்கள் முதலில் தெரிந்துவைத்திருப்பதே பிறந்த நாளும் கல்யாண நாளும்தான் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

விளையாடிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வயர் எந்த நிறம் என்று கேட்டேன். நீலம் என்றார். நீலம் என்றால் வானத்து நீலமா, மை நீலமா என்று கேட்டேன். சாப்பிட்டீர்களா, உங்களுக்குச் சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா என்றெல்லாம் விசாரித்தேன். அவர் கெஞ்சினார். குரல் நடுங்கியது. அடேயப்பா, என்ன நடிப்பு என்று ரசித்தேன். இப்படியே பன்னிரண்டு நிமிஷம் போனது.

சட்டென்று அந்தப் பக்கம் மேஜையில் ஓங்கிக் குத்துகிற சத்தம் கேட்டது. "ஏய் மகாராணி! மூளையைக் கழட்டி ஷோகேஸ்ல வெச்சிட்டு உக்காந்திருக்கியா? ஒரு வயரைப் புடுங்க ஆள் வெக்கணுமா உனக்கு?"

ஐயோ, இவர்தான். என் வீட்டுக்காரரேதான். கை தானாகவே போய் வயரைப் பிடுங்கியது. டிஸ்க்கைக் கழற்றினேன். அதன்பிறகுதான் திரையைப் பார்த்தேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத எழுத்துகளாக மாறியிருந்தன.

மாலை நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். திட்டவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்து நானூற்று முப்பத்தொரு பேரைக் காப்பாற்றினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போனது போனதுதான். கண்டக்டரும் அதில் ஒருவர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும் என்று சொன்னேன். கண்டக்டர் மட்டும், பரவாயில்லை, வீட்டில் நடக்கிற பேச்சை அவசரமாகக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றார். பலகையை நான் மாட்டுவதா வேண்டாமா என்று தெருவே கூடிப் பேசியது. மின்னஞ்சலைத் திறந்தது குற்றம், போனில் ஏமாறாதது சாதனை. முடிவு கிடைக்காமல் அது, கடைசியாக ஏமாந்த பூட்டுக்கடையிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"நல்லா பேசினா, அது நான்னு உனக்குத் தெரியவே இல்லையா?"

நீங்கள் பாடம் நடத்தினதைத்தானே செய்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவர் நடிக்கவில்லை. எனக்காகத்தான் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை நான் பன்னிரண்டு நிமிஷம் ஆட்டிவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் மனிதர் திருந்தப் பார்த்தார். மகாராணியைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போன் செய்து, ஒரு காரணமும் இல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டார். யார் பேசுவது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டேன். அவர் மட்டும்தான் மாற வேண்டுமா, நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது.

"சாப்பிட்டேங்க. நீங்க சாப்பிட்டீங்களா? வெயில்ல அலையாதீங்க, உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன்.

"யாருங்க பேசறது?" என்று கேட்டார்.