ஓவசியர் ஆழ்வாப்பிள்ளையின் பதினாலு கவடு

வேலணையில் ஓவசியர் ஆழ்வாப்பிள்ளை என்றால் அளவு என்று அர்த்தம். முப்பத்துநாலு வருடம் மேற்பார்வை பார்த்துத் தெருப் போட்டவர். அவர் நாடா விரித்ததை யாரும் கண்டதில்லை. காலை எட்டி ஒரு கவடு வைத்தால் மூன்று அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சந்தேகப்பட்ட எஞ்சினியர் ஒருவர் பின்னால் நாடாவோடு அளந்து வந்து, கடைசியில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். எண்பது வயதிலும் இந்தக் கதையைக் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். கேட்க விரும்பாத ஆளையும் விடமாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு வளவுக்குள் மண்ணில் தாட்ட பொருளைத் தேடி ஆறு மாதத்தில் ஒன்பது குழி வெட்டியிருந்தார்.

பொருள், மனைவி பரிமளத்தின் அட்டியல். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது, வழியில் பறிபோய்விடும் என்று பயந்து அதை ஒரு பித்தளைச் செம்பில் போட்டார். தெருவுக்குக் காய்ச்சும் தாரால் செம்பின் வாயை அடைத்தார். கிணற்றுக்கட்டின் மூலையிலிருந்து வேலியைப் பார்த்துப் பதினாலு கவடு வைத்து, முழங்கை ஆழத்தில் தாட்டார். பிறகு முப்பத்தைந்து வருடம் வவுனியா. அங்கேதான் பரிமளத்தின் அண்ணன், "தாட்டதாவது. ஓவசியர் எப்பவோ வித்திருப்பார்" என்று சொந்தத்துக்குள் ஒரு கதையைக் கிளப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பரிமளம் அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஏசியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். அந்தப் பேசாமைதான் ஆழ்வாப்பிள்ளையை அரித்தது. கண்ணை மூடுவதற்குள் அட்டியலை மனைவி கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே ஊருக்குத் திரும்பியிருந்தார்.

பத்தாவது குழிக்கு முதுகு இடங்கொடுக்கவில்லை. ஆகவே மேரிஜோசப்பினைக் கூப்பிட்டார். முகமாலையில் பத்து வருடம் கண்ணிவெடி எடுத்தவள் அவள். இப்போது, தமையன் நோர்வேயிலிருந்து அனுப்பிய, உலோகம் கண்டால் கத்தும் ஸ்கானரோடு, மண்கும்பான் கடலில் குளிக்க வருகிறவர்கள் தொலைக்கும் மோதிரம், சங்கிலியைத் தேடிக் கொடுக்கிறாள். புதையல் தோண்டுகிறார்கள் என்று கதை கிளம்ப முதல் ஊர் அலுவல் பார்க்கும் விதானையாரிடமும் சொல்லிவைத்தார்கள்.

ஸ்கானரைப் போட்டதுதான் தாமதம், அது கத்தத் தொடங்கியது. கூரை ஆணி, வாளிப் பிடி, பாதிச் சைக்கிள் பெடல். பழைய வீடு இடிந்தபோது அதன் இரும்பெல்லாம் வளவு முழுக்கப் பரவியிருந்தது.

"ஐயா, இதுக்குள்ள விட்டால் இது வாய் மூடாது. இடத்தைச் சரியாச் சொன்னால்தான் தேடலாம்," என்றாள் மேரிஜோசப்பின்.

"சரியாத்தான் சொல்லுறன். கவடு வைச்சுக் காட்டுறன், பாரும் பிள்ளை."

கிணற்றுக்கட்டில் குதிக்காலை முட்டவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, உரத்து எண்ணிக்கொண்டே நடந்தார். பதினாலாவது கவடு ஒன்பதாவது குழியின் விளிம்பில் வந்து முடிந்தது.

"அதில இன்னும் கொஞ்சம் வெட்டினால் தண்ணி வந்திடும்," என்றார் குசினி வாசலில் நின்ற பரிமளம்.

மேரிஜோசப்பின் குழியைப் பார்க்கவில்லை. யார் எங்கே கால் வைத்தார்கள் என்று மண்ணைப் பார்த்தே பழகியவள். புழுதியில் பதிந்த செருப்புத் தடங்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நாடாவைப் பிடித்தாள். ஒன்றே முக்கால் அடி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, உடனே அடங்கியது.

"ஐயா, உங்கட கவடு எத்தினை அடி?"

"மூண்டு. அதில பிழை வராது."

"அப்ப நாப்பத்திரண்டு அடி," என்று நாடாவைக் கிணற்றுக்கட்டில் கொளுவி இழுத்துக்கொண்டு, குழிகளையெல்லாம் தாண்டி முருங்கையடிவரை போனாள். இடிபாடு எட்டாத அந்த மண்ணில் ஸ்கானர் ஒரேயொரு முறை, தெளிவாகக் கத்தியது. முழங்கை ஆழத்தில் அலவாங்கு 'ணங்' என்று முட்டியது. செம்பின் வாயில் தார் அன்றைய கறுப்போடேயே இருந்தது.

ஆழ்வாப்பிள்ளை நாடாவையும் தன் செருப்பையும் மாறிமாறிப் பார்த்தார். நாடா பொய் சொல்லாது. மூன்று அடி எந்த வருடம் ஒன்றே முக்காலுக்கு வந்தது என்று இந்தக் கால்களாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவருக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

தாரைக் கத்தியால் கிளப்பி, அட்டியலை எடுத்து மனைவியிடம் நீட்டினார். ஆறு மாதமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்தான் மிஞ்சியது.

"விக்கேல்லை."

"நீங்கள் வித்தனீங்கள் எண்டு நான் சொன்னனானோ?"

"சொல்லேல்லை. ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்."

பரிமளம் அட்டியலில் ஒட்டியிருந்த தார்த்துணுக்கை நகத்தால் சுரண்டினார்.

"கேட்டு, நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டால்? பிறகு நான் உங்களோட எப்பிடி இருக்கிறது?"

பரிமளம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.

"கட்டிவிடுங்கோ."

மேரிஜோசப்பின் வேலிப்பக்கம் பார்த்தபடி நாடாவை மெல்லமெல்லச் சுருட்டினாள். அட்டியலின் கொளுக்கியில் ஓவசியரின் விரல் வழுகிக்கொண்டே இருந்தது. பரிமளம் அவசரப்படுத்தவில்லை.