முதலாம் படத்தின் முதுகு

யோகமலரின் கையெழுத்து முத்துக் கோத்த மாதிரி. அவள் கணவர் அருள்நாயகத்தின் எழுத்தோ கோழி கிளறியது போலிருக்கும். கம்பியூட்டரை நம்பாத மனுஷன் என்பதால் ஆராய்ச்சிக்கு எடுத்த படங்களையெல்லாம் கழுவி அச்செடுத்துத்தான் வைப்பார். அவற்றின் முதுகில் ஊரும் கட்டிடமும் எழுதுவது அவள் பொறுப்பு.

வயிற்றுப்பாட்டுக்கு மிசிசாகாவில் பொதிக் கிடங்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் அவருக்குக் கலை வரலாறுதான். ஐரோப்பாவின் மத்தியகாலத் தேவாலயங்களில் நிற்கிற கூரான வளைவுகள் கிழக்கிலிருந்து போனவை என்பது அவர் கட்சி. பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். மனுஷன் அசையவில்லை. விடுமுறைக்கு விடுமுறை ஆர்மேனியா, பிரான்ஸ் என்று இருவரும் அலைந்து, ஒருவழியாகப் புத்தகம் வந்தது.

அந்த வருடமே ரொறன்ரோவில் ஒரு கருத்தரங்கு. ஒரு பேராசிரியர் புத்தகத்தின் முதலாம் படத்தைத் திரையில் போட்டார்.

"ஆர்மேனியா என்று எழுதியிருக்கும் இந்த வளைவு பிரான்சில் இருக்கிறது. கிழக்கைத் தேடிப் போனவர் மேற்கைப் பிடித்து வந்திருக்கிறார்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் இருந்த யோகமலர் படத்தின் மூலையில் ஒரு நீலக் குடையின் நுனியைக் கண்டாள். பிரான்சில் அவள் தொலைத்த குடை. ஆர்மேனியா, பிரான்ஸ் என்ற இரண்டு படங்களின் முதுகிலும் ஊரை மாற்றி எழுதியது அவள்தான். இரண்டு வளைவும் அவ்வளவு ஒத்திருந்தன. அவருடைய வாதமே அதுதானே! அன்றைக்கு அதை யார் கேட்டார்கள்?

அருள்நாயகம் எழும்பி, "பிழை என்னுடையது," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வரி எழுதவில்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்றே யோகமலருக்குப் பதினொரு வருடம் போயிற்று. ஒரு தடவை வாயெடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் படம்..."

"விடும். உது ஆறின கதை."

அவளும் விட்டுவிட்டாள். தான் ஒரு கோழை என்று அவளுக்கே தெரியும். போன மாதம் வேலையிடத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்த மறுநாள், யூனியன்வில் வீட்டில் அவருடைய மேசை லாச்சியைத் திறந்தாள். அந்தப் பேராசிரியரின் மின்னஞ்சல் அச்சடித்து மடித்திருந்தது. கருத்தரங்கில் இந்தப் பிழையைச் சொல்லப் போவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தார். அதனுள்ளே முதலாம் படம். முதுகில் அவளுடைய முத்தெழுத்தை ஒரு கோடு வெட்டியிருந்தது. கீழே, கோழி கிளறிய எழுத்தில், சரியான ஊர். பக்கத்தில் திகதி: கருத்தரங்குக்கு முதல் நாள்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு எழும்பியிருக்கிறார். படத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய வெறுங்கதிரையைப் பார்த்து அழுதாள்.

"ஒருக்காலெண்டாலும் என்னை ஏசியிருக்கலாமேயப்பா. நான் மன்னிப்புக் கேட்டிருப்பனே."