பட்டியலில் இல்லாத பெயர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். அதற்கு வெகு முன்பே, ஒன்பது வயதில், வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது: அண்ணாவின் பேஸ்பால் செய்திகளை வாசித்துச் சொல்வது.

அண்ணா மைதானத்தின் கடைசி ஓரத்தில் நின்று, உயரப் பறந்து வரும் பந்துகளை ஓடிப் பிடிக்கிறவன். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்க அணி அவனை எடுத்தது. எடுத்தது என்றால் பெரிய லீக்குக்கு அல்ல. அதற்குக் கீழே சின்ன லீக்குகள் படிப்படியாக இருக்கின்றன. பெயர் கேள்விப்படாத ஊர்களில் விளையாடி, நாள் முழுக்க பஸ்ஸில் இருந்து, ஒவ்வொன்றாக ஏறவேண்டும். நாலு வருடத்தில் அண்ணா இரண்டு படி ஏறியிருந்தான்.

அப்பா அம்மாவின் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் மட்டும் போதுமானது. அதனால் வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முன்பே அப்பா கேட்பார்:

"பிள்ளை, இண்டைக்கு என்னவாம்?"

நான் கணினியில் அணியின் பக்கத்தைத் திறந்து, ரீச்சர் மாதிரி நிமிர்ந்திருந்து வாசிப்பேன். பெரியப்பா வந்திருந்தால், "கிரிக்கெட்டைப் பழுதாக்கி உவங்கள் ஒரு விளையாட்டுச் செய்து வச்சிருக்கிறாங்கள்" என்பார். ஆனால் நாங்கள் குடியேறியிருந்த டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "என்ர தம்பியின்ர பெடியன்" என்று சொல்லித் திரிந்ததும் அவர்தான்.

அந்த ஜூலையில் அண்ணா போன் எடுத்து, சனிக்கிழமை வாறன் என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஞாயிறு எங்கள் கோயிலில் தேர்.

"தேருக்கு லீவு குடுத்திருக்கினம்" என்றார் அப்பா. அணியில் மகனுக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று அம்மா விளங்கிக்கொண்டார். கோடைதான் பேஸ்பால் காலம், அதன் நடுவில் யாருக்கும் லீவு இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்தைத் திறந்தேன். ஆட்டக்காரர் பட்டியலில் அண்ணாவின் பெயர் இல்லை. மேலிருந்து கீழே மூன்று தரம் பார்த்தேன்.

"பேர் கிடக்கே?" என்று பின்னால் நின்ற அப்பா கேட்டார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். "ஓம் அப்பா, கிடக்கு" என்றேன். அவர் உடனே சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டார்.

இரண்டு வான் வண்டிகள் நிறைய சனம் விமான நிலையத்துக்குப் போனது. மாமி மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணா தன் மட்டைகள் அத்தனையையும் ஒரு நீளப் பையில் சுமந்துகொண்டு வந்தான். மாலையைக் கண்டதும் நின்றுவிட்டான். பெரியப்பா அதை அவன் கழுத்தில் போட்டு, "எப்ப தம்பி பெரிய ரீமுக்கு?" என்றார்.

"பாப்பம் பெரியப்பா."

வானின் கடைசி இருக்கையில் என் பக்கத்தில் இருந்து, மெல்லக் கேட்டான்:

"நீ லிஸ்ட் பாக்கேல்லையே?"

"பாத்தனான். உங்கட பேரை விட்டுட்டாங்கள்."

"அப்பாட்ட சொன்னனியே?"

"இல்லை."

முன்னால் அப்பா, நாளைக்குத் தேர் வடம் பிடிக்க மகனை முன்னுக்கு விடவேண்டும் என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாவின் கண்கள் கலங்கியிருந்தன. பெயரை விட்டுவிட்டார்கள் என்ற கவலை என்று நினைத்தேன்.

"நான் அவங்களுக்கு எழுதட்டே அண்ணா?"

அவன் என் தலையில் கை வைத்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேரன்று காலை, எல்லோரும் உடுத்துக்கொண்டிருக்க, நான் அணிக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் அண்ணாவின் பெயர் தவறுதலாக விடுபட்டிருக்கிறது, தயவுசெய்து திருத்தவும். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். பள்ளிக்கூடம் திறக்கும்வரை தினமும் பதில் பார்த்தேன். மட்டைப் பை அவிழ்க்கப்படாமல் கதவடியிலேயே கிடந்தது. திரும்பிப் போக ஆயத்தமாகத்தான் அண்ணா அதை அங்கே வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.