வாசல் வரைக்கும் போன எழுத்தாளர்

எங்கள் ஆட்களுக்குப் புத்தகத்தை விட அதன் பின்னட்டைதான் முக்கியம். எழுதியவர் எங்கே படித்தார், எந்த மேடையில் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்று பார்ப்பார்கள். பிறகு புத்தகம் சோகேஸுக்குள் போய்விடும். இப்படி இளக்காரமாகப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

யூரோ வந்த புதிதில் என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்தது. அப்போது ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர் மன்னார் அக்கா ஒருவர். அங்கே இருப்பவர்களின் ஒவ்வொரு உடுப்பிலும் பெயர் எழுதிய துணித்துண்டு தைப்பது அவர் பொறுப்பு. யாராவது இறந்துவிட்டால் உடுப்புகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்குமுன் அந்தப் பெயரைப் பிரித்தெடுப்பதும் அவர்தான். பிரித்த துண்டுகளை எறிய மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அந்த டின்னைத்தான் தலைப்புக் கதையாக எழுதியிருந்தேன்.

"அச்சில வந்தா முதல் புத்தகம் எனக்குத்தான் தரவேணும்" என்று சொல்லியிருந்தார். அக்கா வாசித்துவிட்டு என்ன சொல்வார் என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெளியீட்டு விழாவை டோர்ட்மண்ட் வாசகர் வட்டம் பொறுப்பெடுத்தது. அழைப்பிதழுக்குப் படம் கேட்டார்கள். என்னிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு படம். முந்திய வருஷம் அக்காவின் பெறாமகளின், அதாவது தங்கை மகளின், கல்யாணத்துக்கு இருவரும் லண்டன் போனபோது, இங்கிலாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இருக்கும் ஊரையும் பார்த்துவிட்டு வந்தோம். கல்லூரி ஒன்றுக்குள் போக டிக்கெட் எடுக்க வேண்டுமாம். வேண்டாமென்று வெளியே நின்று, கல்யாண வீட்டு மீன் ரோல்ஸைச் சாப்பிட்டோம். அந்த வாசலில் என்னை நிற்கவைத்து அக்கா எடுத்த படம் அது.

வட்டத்தின் தலைவர் தொலைபேசியில் வந்தார்.

"தங்கச்சி, இது அந்தப் பழைய யூனிவர்சிட்டி வாசல் அல்லோ?"

"ஓம் அண்ணை. சும்மா சுத்திப் பாக்கப் போனனாங்கள். உள்ளுக்குக்கூடப் போகேல்ல."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். உடுப்புத் தோய்க்கிற பிள்ளையின்ர புத்தகம் எண்டு போட்டா ஆர் வருவினம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

'இங்கிலாந்தின் தொன்மைமிகு பல்கலைக்கழகம் தந்த பெண் படைப்பாளி' என்று அழைப்பிதழ் வந்தது. பெண்களைப் படிக்க விட்ட பிறகும் பட்டம் கொடுக்காமல் வருஷக்கணக்காக இழுத்தடித்த இடம் அது. எங்கள் வாசகர் வட்டம் ஒரே தொலைபேசி அழைப்பில் எனக்குக் கொடுத்துவிட்டது.

விழாவில் மூன்று பேர் பேசினார்கள். முதலாமவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த பெண் எழுத்தாளர்களை வரிசையாகச் சொல்லி, வால்பக்கத்தில் என்னையும் ஒட்டினார். இரண்டாமவர் என் வசனங்களில் அந்தக் கல்லூரி மண்டபங்களின் அமைதி தெரிகிறது என்றார். வாஷிங் மெஷின் சத்தத்துக்குள் இருந்து எழுதிய வசனங்கள்! மூன்றாமவர் தன்னைப் பற்றியே பேசியதால் அவரை மட்டும் எனக்குப் பிடித்தது. முதற் பிரதியை நகைக்கடை முதலாளி ஒருவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். எனக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைத் தந்தார்கள். எல்லாருக்கும் நன்றி மட்டும் சொன்னேன்.

அக்கா கூறைச் சேலை உடுத்திக் கடைசி வரிசையில் இருந்தார். மடியில் அழைப்பிதழ். எல்லாரும் கை தட்டியபோது அவரும் தட்டினார்.

ஹம்முக்குத் திரும்பும் ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பின்னட்டையைத் திருப்பினார். அங்கேயும் அதே படம்.

"வடிவா விழுந்திருக்கு" என்றார். "நான் எடுத்ததெல்லே."

"அக்கா, அது அவையள் போட்டது. நான் சொன்னனான்..."

"மேடையில உம்மட கையிலதானே மைக் இருந்தது."

நான் பொன்னாடையை மடித்துப் பைக்குள் திணித்தேன். அவர் தலைப்புக் கதையைத் தேடி எடுத்தார். முதல் பக்கத்தில் விரலை வைத்தவர் வாசிக்கவில்லை.

"என்ர டின்னைப் பற்றி எழுதினதும் இப்பிடித்தானோ?"

கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். நான் சொன்னால் இனி அவர் ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றியது.