நான் ஓட்டிய ஹெலிகாப்டர்

பிள்ளைகளே, நம் பக்கத்தில் ஹெலிகாப்டர் என்ற பெயரில் மூன்று இருக்கின்றன. ஒன்று வானத்தில் போவது. அதை நானும் உங்களைப் போல அண்ணாந்து பார்த்ததோடு சரி. இன்னொன்று, மழைக்கு முன்னால் கூட்டமாகச் சுற்றும் தட்டான். புத்தகத்தில் தட்டான் என்று படித்தாலும் நீங்கள் ஹெலிகாப்டர் என்றுதான் கத்துவீர்கள். மூன்றாவது நான் ஓட்டியது.

கும்மிடிப்பூண்டியில் புதுக் கம்பெனி ஷெட்டுக்குத் தரை போடுகிறோம் இல்லையா, அந்தக் கான்கிரீட் மிதித்தால் செருப்பின் அச்சு மட்டும் விழுகிற பதத்துக்கு வந்ததும் இந்த மிஷினை மேலே இறக்குவோம். அடியில் நான்கு தகடு சுற்றும். தரை கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். மிஷின் பறக்காது. தகடு சுற்றுவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். கைப்பிடியைத் தூக்கினால் ஒரு பக்கம் போகும், அழுத்தினால் மறுபக்கம். எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும். அதனால் அந்த வேலைக்குச் சட்டென்று ஆள் கிடைக்காது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சின்னவளே, நீதான் முதலில் பார்த்தாய்.

"நைனா, ஆடாத! ஹெலிகாப்டர் உக்காந்துகினு கீது!"

"எங்க?"

"உன் வெரல் மேலதான். கிச்சுகிச்சு மூட்டல?"

"மூட்டுது, மூட்டுது" என்றேன். மூட்டவில்லை.

பெரியவனே, நீ நம்பவில்லை. என் கண்ணைப் பொத்தி, "இன்னா வெரல தொட்றேன், சொல்லு" என்றாய். நடுவிரல் என்றேன். நீ பிடித்திருந்தது சுண்டுவிரல். "நைனா அழுகுணி ஆட்டம் ஆட்றாரு" என்று இரண்டு பேரும் சிரித்தீர்கள். அரிசி களைந்துகொண்டிருந்த உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"எத்தினி நாளாயா இப்டி?"

"கொஞ்ச நாளாதான்."

ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் மிஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பயம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. விரல் மரத்துப்போய்விட்டதே என்ற வருத்தம் வரவேயில்லை.

மறுநாள் உங்கள் அம்மா என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஊசியால் குத்திப் பார்த்தார். வலது கையில் மூன்று விரலுக்குத் தெரியவில்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஹெலிகாப்டர் ஓட்டறேன் மேடம்."

அவர் பேனா நின்றுவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர் விடவில்லை. "எங்கண்ணே நிறுத்திக்கீற? வெளிய என் ஷேர் ஆட்டோ நிக்குது. ரெக்க இடிச்சிடப் போவுது." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு மிஷினைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டினேன்.

"நாள் பூரா கை அதிருமா?"

"மிஷின்தான் மேடம் அதிரும்."

"அதைப் பிடிச்சிருக்கிற கை?"

பிடித்துக் காட்டிய கையை இறக்கினேன். இனி அதைத் தொடக் கூடாது, தொட்டால் மிச்சமிருக்கும் விரலும் போகும் என்றார். போனது திரும்புமா என்று அம்மா கேட்டாள். சொல்ல முடியாது என்றார்.

நேராக மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. போன வாரம் நான் ஓட்டிய தரையைக் காட்டினார். அங்கங்கே தகடு கீறி, பிறை பிறையாகக் கோடு விழுந்திருந்தது. என் கைக்கு அது தெரியவேயில்லை.

"இத பாத்தப்பவே தெரியும்டா. நீயா வந்து சொல்லுவேன்னு கம்முனு இருந்தேன்."

"நீயே கேட்டிருக்கலாமேண்ணே."

"நான் மிஷின் ஓட்டினப்ப என் மேஸ்திரிகிட்ட சொன்னனா?" என்று வலது கையை நீட்டினார். "கிள்ளு."

கிள்ளினேன். நகம் பதிந்தது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிள்ளுடான்னா" என்றார்.

அடுத்த நாள் கைப்பிடி வேறு ஒருவரிடம் போயிற்று. முடிந்த தரை காயாமல் இருக்க ஈரச் சாக்கு விரிக்கிற வேலை எனக்கு. சாக்கு ஈரமா, காய்ந்துவிட்டதா என்பதை இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.