மான் பிடிக்கப் போன கயிறு

இப்போது எங்கள் குளங்களைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். இடையிடையே உட்கார பெஞ்சு, பறவைகளின் படம் போட்ட பலகை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கரையில் பறவை பார்க்க முதன்முதல் நடந்த ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பாறசாலையில் தனியாக நின்று இரண்டு எண்ணெய் மில் கட்டிய என் பெயரை எந்தப் பலகையிலும் காணோம். போகட்டும், நானே எழுதிவிடுகிறேன்.

அது எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் ஊர் தமிழோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம், மலையாளத்தோடே கிடக்கட்டும் என்று மறுகூட்டம். அப்பா முதல் கூட்டத்தில் முன்வரிசை. வீட்டுக்குள் ஒரு மலையாளச் சொல்லும் நுழையக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். அதுவரை நாங்கள் வெள்ளம் குடித்துக்கொண்டிருந்தோம்; அன்று முதல் தண்ணீர் குடித்தோம். அம்மா மறந்துபோய் "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டால் செம்பைத் தொடமாட்டார். அவர் கல்லில் கால் இடித்துக்கொள்ளும்போது மட்டும் வாயில் சுத்தமான மலையாளம் வரும். அது சட்டத்தில் சேராது.

அம்மாவின் தம்பி, என் மாமன், தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். வேலைக்கு வளையாத உடம்பு. அவனுக்குத் திடீரென்று பறவைகள்மேல் ஆசை வந்தது.

"வாறியா மக்கா, கொக்கு காட்டித் தாறேன்" என்று தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவான்.

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வயல்வரம்பில் இறங்கினால் மூன்று குளங்களின் கரை வழியாகத் தாழம்புதர் ஓரமாகவே நடந்துபோகலாம். தாமரை இலைமேல் கால் நனையாமல் நடக்கும் இலைக்கோழி, சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகம், முங்கினால் எங்கே எழும்பும் என்று பிடிகொடுக்காத முக்குளிப்பான். அது எங்கே எழும்பும் என்று நானும் மாமனும் பந்தயம் வைப்போம். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். மாமனின் கண் குளத்தில் இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம், ஜெயித்தது ஜெயித்ததுதான்.

கடைசிக் குளத்தின் அக்கரையில் மறுகூட்டத்து முன்வரிசைக்காரரின் வீடு. ஒரு காலத்தில் அவரும் அப்பாவும் ஒரே வெற்றிலைச் செல்லத்தில் கைவிட்டவர்கள். இப்போது எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் தரையைப் பார்ப்பார். அவருடைய மகள் சாயங்காலம் தாராக்களை, அதாவது வாத்துகளை, வீட்டுக்குக் கூட்டிப்போக வருவாள். சொன்ன பேச்சைக் கேட்கிற தாராக்கள்தான். ஆனாலும் அவற்றைக் கரையேற்ற அவளுக்கு இருட்டும்வரை ஆகும். மாமன் கூடமாட உதவுவான்.

அப்படி ஒருநாள் குளத்தின் நடுவே நட்டிருந்த கம்பில் நீலச்சிறகோடு மீன்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்தது. "மோளே, நோக்கு, பொன்மான்!" என்று அவள் எனக்குக் காட்டினாள். மலையாளத்தில் மீன்கொத்திக்கு அதுதான் பெயர். பொன்னும் மானும் சேர்ந்த அந்தப் பெயர் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அன்று சோறு தின்னும்போது அப்பா கேட்டார்: "இன்னைக்கு என்ன கண்டே மக்கா?"

"பொன்மான் கண்டேன்."

மாமன் உருட்டிய சோற்றைத் திரும்ப இலையிலேயே போட்டான்.

"பொன்மானா? இந்தச் சொல்லு எங்கயிருந்து வந்து?"

மாமனைப்பற்றி இன்னொரு குற்றம் காதில் விழுந்தால் அவனைப் பனச்சமூட்டில் ஒரு கடைக்கு மூட்டை தூக்க அனுப்பிவிடுவேன் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். மாமன் போனால் தாராக்காரியும் போனாள், என் குளமும் போனது. அந்த வயதிலேயே எனக்கு மூளை மின்னலாக்கும்.

"அது பறவை இல்ல அப்பா. மானு. பொன்னு நிறத்துல நிசமான மானு."

"கொம்பு உண்டா?"

"ரெண்டு உண்டு."

"எங்க நின்னுது?"

"கடைசிக் குளத்துல, தாரா நிக்கற எடத்துல."

அப்பா மாமன் பக்கம் திரும்பினார். "எலே, நீயும் கண்டியா?"

"கண்டேன் அத்தான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எப்பிடி இருந்து?"

"நல்ல... அழகா இருந்து."

"அப்பம் நாளைக்கு நானும் வாறேன்" என்றார் அப்பா.

மறுநாள் தொழுவத்திலிருந்து புதுக்கயிறு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா பெட்டியைத் திறந்து நல்ல புடவையாக எடுத்து உடுத்தினாள். மான் பார்க்க எதற்குப் பெட்டிப் புடவை என்று எனக்கு விளங்கவில்லை.

"எங்க அண்ணாச்சி, கயிறும் கொண்டு?" என்று வழியில் ஒருவர் கேட்டார்.

"மான் பிடிக்க."

"கிடைச்சா ஒரு காலு எனக்கு!"

நான் முன்னால் நடந்தேன். இலைக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாவற்றையும் அப்பாவுக்குக் காட்டினேன். முக்குளிப்பான் பந்தயத்தில் அப்பாவையும் தோற்கடித்தேன். மாமன்தான் தூக்குமேடைக்கு நடப்பவனைப் போலக் கடைசியில் வந்தான்.

அக்கரைக்காரர் கரையிலேயே நின்றிருந்தார். இந்தமுறை யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

"எந்தா அண்ணாச்சி, கயறு?"

"எம்மக பொன்மான் கண்டாளாம்."

"பொன்மானோ? தா, அவிடெ இரிக்குந்நு!" என்று அவர் கம்பைக் காட்டினார்.

"அது மீன்கொத்தி."

"பொன்மான்."

"மீன்கொத்தி!"

"பொன்மான்!"

இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்காத அந்தப் பறவை, தலைகீழாகப் பாய்ந்து, தன்னைவிடப் பெரிதாகத் தெரிந்த ஒரு மீனோடு கம்புக்குத் திரும்பியது.

"அம்மோ! வலிய மீனாணல்லோ!" என்று மலையாளத்தில் கூவியது என் அப்பா.

"பெரிய மீனுதான் அண்ணாச்சி" என்று தமிழில் ஒத்துக்கொண்டது அக்கரைக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தாராக்கள் பயந்து ஓடும்படி சிரித்தார்கள். வெற்றிலைச் செல்லம் வெளியே வந்தது.

அதற்குள் அந்தப் பெண் ஒரு செம்போடு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். எங்கள் வீட்டுச் சட்டம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, யோசித்து யோசித்து, "மாமா, தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "வெள்ளம் தா மக்களே" என்றார்.

முழுச் செம்பையும் குடித்துவிட்டு, தோளிலிருந்த கயிற்றை எடுத்து மாமனின் கையில் எறிந்தார். "மானு நல்ல மானாக்கும். கட்டிக்கோ."

நான் கரையெல்லாம் பார்த்தேன். தாரா நின்றது, மாமன் அசடாகச் சிரித்துக்கொண்டு நின்றான், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மான் இல்லை. இல்லாத மானை நல்ல மான் என்கிறாரே, இவ்வளவு பெரிய மனிதரை இவ்வளவு லேசாக ஏமாற்றிவிட்டேனே என்று எனக்கே பாவமாகிவிட்டது. திரும்பும் வழியில் அப்பாவின் கையைப் பிடித்துத் தேற்றினேன்.

"சங்கடப்படாதீங்க அப்பா. மானு நாளைக்கு வரும்."

"நாளைக்கு வராது மக்கா. தை மாசம் வரும்."

மான்கள் மாதம் பார்த்துத்தான் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.